அணையில் குத்திய மண்வெட்டி

வூப்கே ஆயுசுக்கும் பயந்தது பேய்க்கோ திருடனுக்கோ அல்ல, ஒரு மண்வெட்டிக்கு.

ஜெர்மனியின் வடகடலோரம், கிழக்கு ஃபிரிசியச் சதுப்பு நிலத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் கடலணையில் ஒரு பங்கு உண்டு. அவரவர் பங்கை அவரவர்தான் காக்க வேண்டும். முடியாதவர் தன் மண்வெட்டியை அணைமேல் குத்திவிட்டுக் கட்டிய துணியோடு போக வேண்டியதுதான். அதைப் பிடுங்குபவனுக்கு வீடு, நிலம், அணைப்பங்கு எல்லாம். கடலுக்குத் தயவுதாட்சண்யம் கிடையாது. ஊருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

புருஷன் ஹார்ம் காய்ச்சலில் போனபின் அந்தப் பங்கு அவள் தலையில் விழுந்தது. அந்த இலையுதிர்காலத்தில் அணையின் உட்சரிவில் எலி வளைகளைக் கண்டாள். கையை விட்டால் முழங்கைவரை போனது. தோண்டி அடைக்க ஆள்பலம் இல்லை. வெளியே சொன்னால் பண்ணை போய்விடும். பச்சைப் புல்லை மண்ணோடு பாளமாக வெட்டி மேலே ஒட்டி மறைத்துவிட்டாள். மேற்பார்வைக்கு வந்த அணைத்தலைவர் ஃபோல்கெர்ட் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

"பரவாயில்லையே அக்கா, ஆம்பளை இல்லாமலே அணை மினுக்குதே!" என்று பக்கத்துப் பண்ணை ஐலெர்ட் சீண்டினான். அவள் புல் ஒட்டிய இடத்தை மறைத்து நின்றுகொண்டாள்.

அடுத்த வாரமே வடமேற்குக் காற்று கிளம்பியது. மத்தியானத்துக்குள் தண்ணீர் அணையின் பாதிக்கு ஏறிவிட்டது. ஊரே தெற்கு மூலையில் மண் கொட்டிக்கொண்டிருக்க, அவள் ஒட்டிய புல்லுக்கடியில் சேறு கசிந்தது. வாயைத் திறந்தால் பண்ணை போகும், மூடினால் ஊர் போகும். வீட்டுக்கு ஓடினாள். மண்வெட்டியோடு திரும்பி, எல்லார் கண்ணிலும் படும்படி அணை உச்சியில் குத்தினாள்.

"இங்க ஓடியாங்க! உள்ள பூரா பொந்து! நான்தான் மூடி வெச்சேன்!"

"அடிப்பாவி! ஊரையே முழுகடிக்கப் பாத்தியே!" என்று ஃபோல்கெர்ட் திட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

வைக்கோலும் களிமண்ணும் மூட்டை மூட்டையாக விழுந்தன. இருட்டும்முன் கடல் இறங்கியது, அணை நின்றது. மண்வெட்டியை ஐலெர்ட் பிடுங்கினான். வழக்கம் அது.

வூப்கே தேவாலயத்தருகே ஓர் அறையில் நூல் நூற்றுப் பிழைத்தாள். மறு வருஷம் அதே காற்று ஊளையிட்டதும், இழக்க ஒன்றுமில்லாதவளுக்கும் நெஞ்சு படபடத்தது. கால்கள் தாமாக அணைக்கு நடந்தன. அங்கே ஐலெர்ட் மழையில் மண்டியிட்டுப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, இங்க கை உள்ள போகுதான்னு பாருங்களேன். காலைலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கல."

பண்ணையோடு இந்தப் பயமும் அவனுக்குப் போயிருக்கிறது. வூப்கே அவன் பக்கத்தில் மண்டியிட்டு, ஈரப் புல்லுக்குள் கையை விட்டாள்.