கண்மணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்

"இந்தக் கண்மணிப் பாப்பாவ நாளைக்குக் கூட்டிக்கினு வாங்கம்மா, நான் பாக்கணும்" என்று என் ரெக்கார்டு நோட்டைப் படித்த தேர்வாளர் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்மணி என்று ஒரு குழந்தையே கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் ஒரு நர்சரி பள்ளியில் நான் டெம்பரவரி டீச்சர். ட்ரெயினிங்கில் பாஸானால்தான் பர்மனென்ட். குழந்தை உளவியல் பாடத்துக்காக ஒரு குழந்தையை எட்டு வாரம் கவனித்து ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். நான் பிடித்து வைத்திருந்த பையனின் அப்பாவுக்கு இரண்டாம் வாரமே பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து, குடும்பமே வேறு பிளாக்குக்குப் போய்விட்டது. அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க எனக்குச் சோம்பல். கடைசி வாரம் உட்கார்ந்து என் சொந்த ஐந்து வயதை எழுதித் தள்ளினேன். பெயரை மட்டும் கண்மணி என்று மாற்றினேன்.

நல்ல சரக்கு அது. தான் சாப்பிட்டு முடித்ததால்தான் ஷிப்ட் சங்கு ஊதுகிறது என்று நம்பியவள் கண்மணி. அதற்கு 'தன்மையச் சிந்தனை' என்று தலைப்புப் போட்டேன். ஒரு பையனைக் கடித்தாள். அது 'சமூக வளர்ச்சி'. மூன்று வரிசை தள்ளி, எங்கள் வீட்டைப் போலவே இருந்த ஒரு குவார்ட்டர்ஸில் நுழைந்து, "அம்மா ஊருக்குப் போயிட்டாங்க" என்று சொல்லி ஒரு வாரம் தோசை தின்றாள். உண்மையில் அம்மா எங்கேயும் போகவில்லை; தம்பியைப் பெற்று வீட்டில்தான் இருந்தாள். அந்த வீட்டு அக்கா மடியில் உட்கார வைத்து ஊட்டுவார். கண்மணி போனது தோசைக்காக அல்ல, மடிக்காக என்பது எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது.

சரி, நாளைக்குக் கண்மணிக்கு எங்கே போவது? கூட வேலை பார்த்த சரோஜா டீச்சரின் மகள் வசந்தியைக் கடன் வாங்கினேன். ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, "யார் கேட்டாலும் உன் பேரு கண்மணி" என்று பாடம் நடத்தினேன்.

மறுநாள் தேர்வாளர் குனிந்து கேட்டார்: "பாப்பா, உன் பேரு இன்னா?"

"கண்மணி."

எனக்கு மூச்சு வந்தது.

"நெஜமாவா?"

"இன்னிக்கு மட்டும். நாளைக்கு வசந்தி. டீச்சர் பிஸ்கட் குடுத்தாங்க."

என் பர்மனென்ட் வேலை கண்ணெதிரே பஸ் ஏறிப் போய்விட்டது. தேர்வாளர் குழந்தையை வெளியே விளையாட அனுப்பினார்.

"யாரும்மா அந்தக் கண்மணி?"

"நான்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"தோசை சமாச்சாரம் வூட்ல தெரிஞ்சுதா?"

"நானே ஒத்துக்கிட்டேன் சார். அப்புறமும் அம்மா கரண்டியால போட்டாங்க." இருபது வருடம் கழித்தும் அந்த அடி வலித்தது.

கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்த பரிந்துரையை அவர் சத்தமாகப் படித்தார்: "'உண்மையை ஒப்புக்கொண்ட குழந்தையை அடிக்கக் கூடாது. அருகில் உட்கார வைத்துப் பேச வேண்டும்.' இத எந்தப் புஸ்தகத்துல பாத்தீங்க?"

"எதுலயும் இல்ல சார்."

அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்கம்மா. அந்த வசந்திய எட்டு வாரம் பாத்து, புதுசா எழுதி அனுப்புங்க. அப்பறம் மார்க் போடறேன்."

ஒரு நாள் விடாமல் கவனித்து எழுதினேன். பாஸ் மார்க் போட்டார், அதற்கு மேல் ஒரு மார்க் இல்லை. பர்மனென்ட் ஆனேன்.

புதிதாக வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். வகுப்பில் யாராவது பொய் சொன்னால் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு கை ஓங்காதீர்கள். பிஸ்கட் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.