பத்தொன்பது கையெழுத்து

முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்குக் கேரட் என்றுதான் பேர். வேலைக்கு வந்த முதல் நாள், ஒரு கூடை சீவச் சொன்னதற்கு மூட்டை மொத்தத்தையும் சீவித் தள்ளிவிட்டாள். பேர் வைத்தது ரொட்டி அக்கா. மாவு பிசைகிறவள், வாயும் ஓயாது, கையும் ஓயாது. "இத்தனையும் தின்னா பெரியவங்க எல்லாரும் முயலாயிடுவாங்கடி!" என்று சிரித்தவள், சாயங்காலம் வரை கூடவே நின்று அத்தனையையும் நறுக்கி அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அது பதினோரு வருஷத்துக்கு முந்திய கதை. கேரட்டின் புருஷன் போய்ச் சேர்ந்து இப்போது இரண்டு வருஷம். அவன் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவள் அவள். வாடகை, கரண்ட் பில், பாங்க் எல்லாமே அவன் பேரில்தான். "உனக்கெதுக்கு அந்தத் தலைவலி, நான் பார்த்துக்கறேன்" என்று அவன் சொல்ல, இவளும் அப்பாடா என்று இருந்துவிட்டாள். நம்ம வீடுகளில் வேறென்ன நடக்கும்? இப்போது இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க அவளே மனுப் போட்டாகவேண்டும். பத்து வருஷம் இங்கேதான் இருந்தாள் என்று காகிதம் காட்டவேண்டும். இல்லாவிட்டால், தவழும் வயதில் வந்து இப்போது ஏழாவது படிக்கிற மகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

பிந்திய வருஷங்களுக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. முதல் நாலு வருஷம் சமையலறையைக் குத்தகைக்கு நடத்திய கம்பெனியோ எப்போதோ இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது பிரிட்ஜ் நோட்டு. தினமும் காலையில் பிரிட்ஜ் எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதி, வேலையில் இருக்கிற இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். வாராவாரம் மேலாளர் முத்திரை குத்துவார். பழைய நோட்டெல்லாம் ஸ்டோரில் கட்டுக் கட்டாகக் கிடந்தன.

தூசி தட்டிப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் தன் பேர்! கேரட்டுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வருஷ நோட்டைப் புரட்டும்போதுதான் அவள் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

அந்த வருஷத்தில் பத்தொன்பது நாள் அவள் இந்த நாட்டிலேயே இல்லை. அம்மா செத்து ஊருக்குப் போயிருந்தாள். ஒரு வாரத்துக்கு மேல் வராதவளுக்கு வேலை கிடையாது என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். "நீ போய் ஆற அமர அழுதுட்டு வா" என்று அனுப்பிவைத்த அக்கா, இரண்டு பேர் வேலையையும் ஒருத்தியாகச் செய்து, இவள் கையெழுத்தையும் போட்டுவிட்டாள். "உன்னைவிட நான் அழகாப் போடறேன், பாரு" என்று பெருமை வேறு. இப்போது பாஸ்போர்ட் ஒன்று சொல்கிறது, நோட்டு வேறொன்று சொல்கிறது. அந்த நோட்டை விட்டுவிட்டால் அந்த வருஷத்துக்குக் காகிதமே இல்லை.

"நான்தான் போட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள் அக்கா.

"பைத்தியமா உனக்கு? வேலை போயிடும். வேலை போனா உன் விசாவும் போயிடும்."

"உனக்குப் பொண்ணு இருக்குடி."

"வாயை மூடுக்கா. நீ எழுதினா நான் மனுவே போடமாட்டேன்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் அவ்வளவு சுலபத்தில் மூடுகிற ஆளா? கேரட் அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

மனுவோடு நோட்டுகளையும் கொடுத்தாள். அந்தப் பத்தொன்பது நாள் பக்கங்களில் தானே ஒரு சீட்டு வைத்தாள்: 'இந்த நாட்களில் நான் இங்கே இல்லை. என் தாயார் இறந்துவிட்டார்.' குடியேற்ற அலுவலகத்தில் நேரில் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட அதிகாரியம்மா சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ இந்தக் கையெழுத்தைப் போட்டது யாரு?"

"சொல்ல மாட்டேங்க."

"சொல்லலைன்னா மத்த நோட்டையும் நாங்க நம்ப முடியாதே."

மகளின் முகம் வந்து கண்முன்னால் நின்றது. ஐயோ, அந்த நிமிஷம் அவள் பட்ட பாடு! பெற்ற பிள்ளை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

"சொல்ல மாட்டேன்."

அதிகாரியம்மா பெருமூச்சு விட்டு, கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினாள். போன வாரமே தபாலில் வந்ததாம். மேலே அக்காவின் கோணல் எழுத்தில் நாலு வரி: 'அந்தப் பத்தொன்பது நாள் மட்டும்தான் நான் போட்டது. மற்றதெல்லாம் அவளுடையது. ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அதற்குக் கீழே, வரிசையாக, கேரட்டின் கையெழுத்து பத்தொன்பது தடவை. அழகாகத்தான் இருந்தது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

நிரந்தர அனுமதி அட்டை மூன்று மாதம் கழித்து வந்தது. அதற்குள் இல்லத்துக்கு விஷயம் போய், அக்காவின் வேலை போய், விசாவும் போயிருந்தது. விமான நிலையத்தில் அக்கா, "அட்டைக்குப் போட்டோ மட்டும் நல்லா எடுத்துக்கடி, காலத்துக்கும் அந்த மூஞ்சிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அட்டை வந்த மறுநாள் காலை கேரட் பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். நாலு டிகிரி. எழுதி, கையெழுத்துப் போட்டாள். அக்கா இடத்துக்குப் புது ஆள் இன்னும் வரவில்லை. பக்கத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது. அக்காவின் கையெழுத்து அவளுக்கும் அத்துப்படிதான். பேனாவைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். இல்லாதவளுக்காக ஒரு கையெழுத்துப் போடுகிற தைரியம் அவளுக்கு வரவில்லை. அக்காவுக்கு அது இருந்தது.