கொழுத்த கெளுத்தி

பியன் ஹோவா விமானத்தளத்து வேலியை ஒட்டிக் கிடந்த ஏரிதான் சுயெனுக்குச் சோறு போட்டது. அவளும் கணவன் கியெமும் அதில் மீன் வளர்த்துச் சந்தையில் விற்றார்கள். வேண்டியவர்கள் என்றால் நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுப்பாள்.

அடுத்த வீட்டு நியானைவிட வேண்டியவர் அவளுக்கு யாருமில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் நியானின் வயிற்றில் ஒரு உயிர் தங்கியது. கெளுத்தி போட்டுக் காய்ச்சிய புளிச்சாற்றுக்கு ஏங்கினாள். விடிந்ததும் சுயென் கூடையைக் கிளறி, வயிறு மினுங்கும் கெளுத்தியாக எடுத்துப் போவாள்.

"எதுக்குக்கா இவ்ளோ பெருசு? வித்தா காசாகும்ல?"

"வாயை மூடிட்டுத் தின்னுடி. கொழுப்பை ஒதுக்கின, உதைதான். உள்ள இருக்கிற புள்ளைக்கு அதுதான் தெம்பு."

ஹாவ் பிறந்தான். கால்கள் இரண்டும் கொடிபோல் முறுக்கிக்கிடந்தன. கழுத்து நிற்கவேயில்லை, பேச்சும் வரவில்லை. முன்னோர் செய்த பாவம் என்றது தெரு. நியானின் கணவன் ஒருநாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் திரும்பவில்லை. சுயெனின் இரண்டு பையன்களோ வாட்டசாட்டமாக வளர்ந்தார்கள்.

ஹாவ் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய வயதில் அதிகாரிகள் வந்து ஏரிச்சேற்றையும் மீனையும் சோதனைக்கு அள்ளிப்போனார்கள். பிறகு கரையில் பலகை நட்டார்கள்: இங்கே மீன் பிடிக்கக் கூடாது, தின்னக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் ஒரு டாக்டரம்மா விளக்கினாள். யுத்தத்தில் காட்டு மரங்களின் இலையை உதிர்க்க அமெரிக்கர்கள் தெளித்த மருந்து, பீப்பாய் பீப்பாயாக இந்தத் தளத்தில்தான் இருந்தது. ஒழுகியதெல்லாம் மண்ணில் இறங்கி, மழையோடு ஏரிக்கு வந்துவிட்டது.

"சேத்துல தங்கும். மீனோட கொழுப்புல போய்ச் சேரும். கொழுத்த மீன்லதான் அதிகம்."

 கூட்டம் கலைந்ததும் சுயென் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஹாவ் இப்படிப் பிறந்தது அந்த மீனால்தானா என்று கேட்டாள்.

"ஒரு புள்ளையக் காட்டி இதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது."

வீட்டில் கியெம் எரிந்து விழுந்தான். "நாமளா ஏரோப்ளேன் ஏறித் தெளிச்சோம்? தெளிச்சவன் நிம்மதியாத் தூங்குறான், நீ ஏன்டி அழுது சாகுற?"

"அவன் ஊரு பேரு தெரியாதவங்களுக்குப் போட்டான். நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஊட்டினேனே."

மறுநாள் அவள் நியானின் வாசலில் போய் நின்றாள். வாயைத் திறப்பதற்குள் நியான் முந்திக்கொண்டாள். "கூட்டத்துல நானும்தான் பின்னாடி நின்னேன். ஒண்ணும் சொல்லாத, போயிடு." கதவு சாத்திக்கொண்டது. மழைக்காலம் வந்து போனது. அந்தக் கதவு திறக்கவில்லை. சந்தையில் எதிரே பார்த்தால் நியான் வேறு வழியாகப் போனாள்.

ஹாவ் வளர வளரக் கனத்தான். ஒரு காலையில் சுவருக்கு அப்பால் ஏதோ விழும் சத்தமும் நியானின் முனகலும் கேட்டன. சுயென் பின்கட்டு வழியாக ஓடினாள். குளிப்பாட்டத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டு நியான் தரையில் கிடந்தாள். அவள் மேல் ஈரத்தோடு ஹாவ். சுயென் அவனை வாரியெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பாவத்தைக் கழுவ வந்தியா?" நியான் பல்லைக் கடித்தாள்.

"அது போகாது. தண்ணி ஆறிப்போகுது, அந்தத் துணியை எடு."

அன்றிலிருந்து சுயென் தினமும் வந்தாள். முதலில் நியான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அதட்டினாள்: "தலையைத் தாங்கிப் பிடி, கழுத்து மடங்குது பாரு." அதட்டுவதற்காவது பேசினாளே என்று சுயென் தலையைத் தாங்கிப் பிடித்தாள். நியான் செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் பகலெல்லாம் ஹாவ் சுயெனின் வீட்டில்தான். சுயெனின் குரல் கேட்டால் கையை அடித்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடிவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மன்னித்தேன் என்று நியான் ஒருநாளும் சொல்லவில்லை. சுயென் கேட்கவும் இல்லை. ஹாவுக்கு மீசை அரும்பிவிட்டது. இப்போது அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

"நம்ம ரெண்டு பேருக்கு அப்புறம் இவனை யாருக்கா தூக்குவா?" என்றாள் நியான் ஒருநாள்.

சுயென் ஹாவின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். 

"நீ காலைப் பிடி," என்றாள்.