தானே வந்த மாடியூல்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்குள் இன்னொரு லினக்ஸை ஒரு சாதாரண புரோகிராம் போல ஓட்டலாம் என்று தெரிந்ததும் கை பரபரத்தது. உள்ளே ஓடுவது விழுந்தாலும் வெளியே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

உள் லினக்ஸில் ஒரு டாஸ் ஃபிளாப்பியின் நகலைத் திறந்தால், அதைப் படிக்கத் தேவையான மாடியூல் என்ற துணைப் பகுதியை, லினக்ஸின் மையமான கெர்னல் தானே ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் சோதனை. திறந்ததுமே திரை முழுக்கப் பிழைச் செய்திகள் ஓடி, உள் லினக்ஸ் விழுந்தது.

சென்டர் முதலாளி பதறிப்போய் வந்தார். "ஏம்மா, மிஷினைக் கெடுத்துப்புட்டீகளா?"

"இல்லண்ணே, உள்ள ஓடுனதுதான் போச்சு. மிஷின் நல்லாத்தான் இருக்கு."

அவர் நம்பவில்லை. பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளி கெர்னலுக்கான மாடியூல்களை அப்படியே உள்ளே போட்டு வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள் கெர்னலுக்கென்று அவற்றைப் புதிதாகக் கம்பைல் செய்து உருவாக்கி, உள் லினக்ஸை மறுபடி ஓட்டி நகலைத் திறந்தேன். ஃபிளாப்பியில் இருந்த கோப்புகளின் பெயர்கள் திரையில் வந்து நின்றன. தேவையான மாடியூலை கெர்னலே ஏற்றிக்கொண்டதை முதலாளியிடம் சொன்னேன்.

"நீங்க கூப்பிடாமயே அதுவா வந்துருச்சா?"

"ஆமாண்ணே!"

அவர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு ஆசையாகக் கேட்டார்: "எங்க, முன்ன மாதிரி இன்னொருக்கா விழ வைங்க, பாப்போம்."