எதைச் சுத்தி ரவுண்டு?

ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு காந்திபுரத்தில் ஒரு டுடோரியலில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போக அது பெரிய தகுதி இல்லை. பக்கத்துக் கணபதிப் பகுதியில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை இருந்திருந்தால் கதையே வேறு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரர் வீட்டில் வரச் சொன்னார்கள். இருந்த ஒரே சொத்தான இலக்கணத்தோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

பெண் காபி கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார். பி.எஸ்சி. கணக்கு. இந்த இடம் எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்போதே மனசு அடித்துக்கொண்டது. விசாரணை, பெண்ணின் தாய்மாமன் பொறுப்பில் இருந்தது.

"ஏனுங்க, வேலை முடிஞ்சா சாயங்காலம் என்னங்க பண்ணுவீங்க?"

"தினமும் ரெண்டு ரவுண்டு போவனுங்க."

நான் சொன்னது நடைப்பயிற்சியை. பெண்ணின் அப்பா மிக்சர் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தினமுமுங்களா?" என்றார் மாமன்.

"மழை பேஞ்சா போறதில்லீங்க. ஞாயித்துக்கிழமை சிநேகிதங்க சேர்ந்துட்டா கணக்கே கிடையாதுங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். அப்போதுதான் உறைத்தது. வேறு எவனாக இருந்தாலும் "நடக்கறதைச் சொன்னனுங்க" என்று ஒரே வரியில் முடித்திருப்பான். நான் படித்தவனாயிற்றே.

"ரவுண்டுங்கிற வார்த்தைக்கு ஒரே வேலை இல்லீங்க," என்று தொடங்கினேன். "ஒரு ரவுண்டுன்னா நவுன். ரவுண்டுத் தட்டுன்னா அட்ஜெக்டிவ். தொள்ளாயிரத்துச் சொச்சத்தை ஆயிரமா ரவுண்டு பண்ணுனா வெர்ப். 'டர்ன் ரவுண்ட்'னா அட்வெர்ப்..."

"குடிக்கறதுல இத்தனை வகை இருக்குதுன்னு எனக்கு இப்பத்தானுங்க தெரியுது," என்றார் மாமன். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "மச்சான், எனக்குத் தலையே ரவுண்டு அடிக்குது. நல்ல நேரம் முடியறதுக்குள்ள இவங்களை அனுப்பிப்போடலாமுங்க."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழத் தயாரானார். சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"மாமா, எதைச் சுத்தி ரவுண்டுன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க."

"ரேஸ்கோர்ஸைச் சுத்திங்க," என்றேன். அது எங்கள் ஊரில் எல்லோரும் நடக்கப் போகிற சாலை; பேரை வைத்துக் குதிரைப் பந்தயம் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில், "நடந்துங்க. வெறும் காலை வெச்சு நடந்துங்க," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நடக்கறதுக்குங்களா இத்தனை பாடு? எங்க தோப்புல நடந்தா நாலு தேங்காயாச்சும் பொறுக்கலாமுங்க."

மிக்சர் தட்டு என் பக்கம் திரும்பி வந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில், உக்கடம் தாண்டும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு வேலை ஐந்து. நான் ஒப்பித்தது நான்கு. விட்டுப்போனது பிரிபொசிஷன், எதைச் சுற்றி என்று சொல்லாவிட்டால் அது தனியாக நிற்காது. எம்.ஏ. மறந்ததைக் கணக்குப் பட்டதாரி, அந்த ஒரு சொல்லைத் தவிர ஓர் ஆங்கில வார்த்தைகூடப் பேசாமல் சமையலறை வாசலில் நின்றபடி கேட்டுவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு வகுப்பில் அந்த ஐந்தாவதுக்கு வரும்போதெல்லாம், "இது எங்க வீட்டுக்காரம்மா சொன்னது" என்று சொல்லித்தான் நடத்தினேன். சொல்லும்போது காலரைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வேன். என் எம்.ஏ.வுக்காக ஒருநாளும் அப்படி இழுத்துவிட்டுக்கொண்டதில்லை.