இருமினால் எரியும் விளக்கு

காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்து ரோட்டோரம் வரிசையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து காத்துக் கிடந்தோமே, அந்த வருஷம்தான் சண்முகம் அந்தக் குட்டிக் கம்பியூட்டர் போர்டை வாங்கினான். போன மாதம் ஒரு விடியற்காலை அவன் மனைவி ராஜம்மா என் வாசலில் வந்து நின்று, “போயிட்டாருண்ணே” என்றாள். அவளுக்குக் காது கேட்காது. தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்றும் தெரியாது. எங்கள் மஹய்யாவ ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். உங்களில் பலர் சண்முகத்திடம் ரேடியோவும் டிவியும் கொடுத்துத் திருத்தியிருப்பீர்கள். கடைசியில் அவன் செய்த வேலை உங்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டான். மூச்சு முட்டினால் ராஜம்மாவைக் கூப்பிட வழியில்லை. கலகெதரவில் கடை வைத்திருந்த பரீத் நானாதான் போர்டைக் கொண்டு வந்தார். பிஸ்கட் அளவு இருக்கும்.

“பள்ளிக்கூடப் புள்ளைகள் வாங்குற மலிவு சாமான் இது. ஒங்களுக்கு ஒரு சுவிட்சும் பல்பும் போதாதா?” என்றார் நானா.

“சுவிட்சை அமுக்கக் கை வராத நாளும் வரும் நானா. இருமினாலே அடுப்படியில வெளக்கு எரியணும்.”

போர்டில் ஒரு சின்னப் பொத்தான். அதை அமுக்கிப் பிடித்தபடியே கம்பியூட்டர் வயரைக் குத்த வேண்டும், அப்போதுதான் அவன் கம்பியூட்டரில் எழுதினது போர்டுக்குள் ஏறும். அவன் கை நடுங்கியது, நான் அமுக்கினேன். கரண்ட் வந்த நேரத்தில் எல்லாம் உட்கார்ந்தோம். “நீ படிக்காதவன், நான் படிச்சவன். இந்தப் போர்டுக்கு முன்னால ரெண்டு பேரும் ஒண்ணுதான்டா” என்பான். ஒரு நாள் போர்டின் மூலையில் கடுகளவு பச்சை வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது. இதைப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதானாம். “உசிர் இருக்கு” என்றான். நானா கை தட்டினார். ராஜம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

பிறகு சத்தம் கேட்கும் சில்லு ஒன்றைப் பொருத்தினான். இருமினான், அடுப்படியில் விளக்கு எரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் ராஜம்மா ஆயுத பூஜைக்குப் போர்டையும் சாமி முன் வைத்து, ஈரச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். வயரைக் குத்தியதும் போர்டு செத்துப்போனது. அவன் ஏசவில்லை. சிரித்துச் சிரித்து இருமினான். “சாமிக்கு முதல்ல இதைப் படிச்சுக் குடுத்திருக்கணும்” என்றான். நானா வேறொன்று கொண்டு வந்தார். மறு வருஷம் பொட்டு, போர்டை வைத்திருந்த பெட்டியின் மூடிக்கு மட்டும்.

கடைசி நாளும் அவன் இருமியிருக்கிறான். “வெளக்கு எரிஞ்சதுண்ணே, ஓடினேன். கையைப் புடிச்சுக்கிட்டாரு. அப்புறம்தான் போனாரு” என்றாள். அதற்காகத்தானே இத்தனை பாடுபட்டான்.

முப்பத்தோராம் நாள் காரியத்தன்று அவன் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். சாம்பிராணிப் புகை நெஞ்சில் ஏறி இருமிவிட்டேன். அடுப்படியிலிருந்து சோத்துக் கையோடு ராஜம்மா ஓடி வந்தாள். வாசலில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னை.

போர்டைக் காட்டி, கழற்றிவிடவா என்று கையால் கேட்டேன்.

“இருக்கட்டும்ணே” என்றாள். “அவரு கூப்பிட்டா எனக்குக் கேக்கிறது அது ஒண்ணுதான்.”

என்னிடம் மிச்சம், அந்தப் பொத்தானை அமுக்கிய இந்த விரல். போர்டு முதல்முதல் மின்னியபோது சுற்றி நின்றவர்களில் பரீத் நானா போய்விட்டார், இப்போது சண்முகமும் போய்விட்டான். என்னைக் கணக்கில் எடுக்காதீர்கள், நானும் வரிசையில் நிற்கிறவன். அந்த விளக்கு யாருக்கென்று செய்தானோ, அவள் இருக்கிறாள். ராஜம்மா.