கதவுக்கும் ஒரு 'தக்'

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகர நூலகத்தில் பக்கத்து மேசையில் இருந்து எனக்குப் பழக்கமானவர் அந்த அக்கா. நரைத்த குட்டை முடி, கோடையிலும் கழுத்தில் கம்பளிச் சால்வை. எதற்கெடுத்தாலும் 'தக்' என்று டேனிஷில் நன்றி சொல்வார். நூலகத்தின் தானியங்கிக் கதவுக்கும்கூட.

பத்தொன்பதாம் நூற்றாண்டு டேனிஷ் பத்திரிகைகளில் வந்த அடிமைக் கதைகளை அவர் தமிழாக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு கதையின் கடைசி வரியில் பேனை நின்றுவிட்டது. அந்நாளில் டென்மார்க் ஆண்ட கரீபியன் தீவொன்றில் எசமான் தன் அடிமையை விடுவிக்கிறார். அவன் அவர் காலில் விழுந்து 'தக்' என்கிறான்.

"அவன்ரை விடுதலையைத்தானே அவனிட்டத் திருப்பிக் குடுத்தவர். அதுக்கேன் நன்றி?" என்றார் அக்கா.

"அப்ப அந்தச் சொல்லை விடப்போறியளோ, அக்கா?"

"இல்லை. எழுதினவர் நினைச்சதை நான் ஒளிக்கக்கூடாது. இங்க வளருற எங்கட பிள்ளையள் வாசிச்சுப்போட்டு, ஏன் நன்றி எண்டு கேப்பினம். டேனிஷிலதான் கேப்பினம். ஆனால் கட்டாயம் கேப்பினம்."

சிரித்தபடி 'நன்றி' என்று எழுதி முடித்து எழுந்தார். கதவு திறந்தது.

"தக்" என்றார்.

கதவு அதை எதிர்பார்த்துத் திறக்கவில்லை.